பன்னிரண்டாம் விதி: காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஹைதராபாத்.

ஐயா, அம்மா,

மருத்துவக் காப்பீட்டில் எதற்கெல்லாம் பணம் தர வேண்டியதில்லை என்று கம்பெனிகளுக்கு நீங்கள் வகுத்துக் கொடுத்த பட்டியலில் 12-ஆம் எண்ணைப் பற்றி எழுதுகிறேன். 2019 செப்டம்பரில் அதை எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசகமாக ஆக்கினீர்கள். குடிநோய், போதைப் பழக்கம், வேறு எந்த அடிமைப் பழக்கமானாலும் அதற்கான சிகிச்சைக்கும் அதன் விளைவுகளுக்கும் பணம் கிடையாது. மொத்தம் ஒன்றரை வரி. பதினோரு வருடமாக சிவகாசியில் பாலிசி விற்கிறவள் நான். அந்த ஒன்றரை வரியை எத்தனையோ பேர் முன்னால் விரலால் தள்ளிவிட்டு, "இது நமக்கு வராதுண்ணே, அடுத்த பக்கம் பாருங்க" என்று சொல்லியிருக்கிறேன். போன தை மாதம் அது என் தம்பி மேல் வந்து விழுந்தது.

தம்பிக்கு 38 வயது. ஆப்செட் மெஷின் ஆபரேட்டர். ஆடி 18 அன்று எங்கள் ஊரில் அடுத்த வருடத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளிவரும். அதிலிருந்து மார்கழி வரைக்கும் ராத்திரி ஷிப்டு. தினசரி காலண்டர் தாளில் பன்னிரண்டு ராசிக்கும் 'வெற்றி', 'பயம்', 'லாபம்', 'அலைச்சல்' என்று ஒற்றைச் சொல்லில் பலன் போட்டிருப்பார்களே, அதை 365 நாளைக்கும் அடித்து முடித்து, ஊர் உலகத்தின் தலைவிதியைக் கட்டுக் கட்டி லாரியில் ஏற்றிவிட்டு, கை நடுக்கத்தோடு மதியம் பன்னிரண்டு மணிக்காகக் காத்து நிற்பான். கடை அப்போதுதான் திறக்கும். அவனுடைய ராசிக்கு அன்றைக்கு என்ன போட்டிருந்தது என்று நான் பார்த்ததில்லை.

கணையம் வீங்கிப்போய் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 11 நாள் கிடந்தான். பில் 3,12,000 ரூபாய். அந்தப் பதினோரு நாளில் மூன்றாவது நாள் ராத்திரியை மட்டும் சொல்கிறேன்.

குடி நின்ற மூன்றாவது நாள் அது. இரண்டு மணி இருக்கும். போர்வையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துப் பிடித்துத் தட்டிக்கொண்டிருந்தான். என்ன செய்கிறான் என்று எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அப்புறம் புரிந்தது. தாள் தட்டுகிறான். மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் கட்டைப் பிரித்து, காற்றை உள்ளே விட்டு, விளிம்பு சேர்த்துத் தட்டுவார்களே, அதை. "அக்கா, மெஷினை நிறுத்தச் சொல்லு. ரெஜிஸ்டர் விலகிருச்சு, சிவப்பு தனியா ஓடுது" என்றான். வேர்த்து ஊற்றுகிறது. சுவரைப் பார்த்துக் கலர் சரிபார்க்கிறான். ஊசி போட வந்த நர்ஸைத் தள்ளிவிட்டதால் இரண்டு கையையும் காஸ் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். கட்டிய பிறகும் விரல்கள் மட்டும் தாளைத் தேடிக்கொண்டிருந்தன. குடியை நிறுத்தும்போது சிலருக்கு இப்படி ஆகும், தன் தொழிலையே மயக்கத்தில் செய்வார்கள், சரியாகக் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் மறுநாள் விளக்கினார்.

மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தானே வருவித்துக்கொண்ட நிலை, காப்பீடு பெற்றவரின் சொந்த விருப்பச் செயலின் விளைவு, ஆகவே விலக்கு 12-இன்படி கிளைம் நிராகரிக்கப்படுகிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "பன்னிரண்டாம் விதிப்படி கிடையாதாம்மா."

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. "விதின்னுதானடி நானும் முதல்லேருந்து சொல்றேன்" என்றாள்.

எனக்கு அந்த நிமிஷம் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு யோசிக்க யோசிக்கச் சிரிப்பு போய்விட்டது. அம்மாவைப் பொறுத்தவரை எல்லாம் தலையெழுத்து. அப்பா குடித்தார், 49 வயதில் வயிறு வீங்கிச் செத்தார், மகனும் அந்த வழியில் போகிறான், யார் என்ன செய்ய முடியும்? கம்பெனியைப் பொறுத்தவரை எல்லாம் அவன் விருப்பம். குடித்தவன் அவன், அனுபவிக்கிறவன் அவன், நாங்கள் என்ன செய்ய முடியும்? அம்மா சொன்ன விதியில் தம்பிக்குக் கை கால் கிடையாது. உங்கள் விதியில் அவனைத் தவிர வேறு யாருக்கும் கை கால் கிடையாது. எதிர் எதிர்த் திசையில் கிளம்பி இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான்: செய்வதற்கு ஒன்றுமில்லை. அம்மாவை நான் மன்னித்துவிடுவேன். அவள் பிரீமியம் வாங்கவில்லை.

பிரீமியம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் அந்த பாலிசியை அவனுக்கு எடுத்துக் கொடுத்தவளே நான்தான். ப்ரபோசல் ஃபார்மில் மது அருந்தும் பழக்கம் உண்டா என்ற கட்டத்தில் 'ஆம்' என்று எழுதினேன். "ஏம்மா உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க, இல்லைன்னு போடுங்க" என்றார் எங்கள் மேனேஜர். தொழிலில் நான் பொய் எழுதுவதில்லை. கம்பெனியும் அதைப் படித்தது. படித்துவிட்டு, குடிக்கிறவர் என்பதற்காகவே கூடுதல் பிரீமியம், எங்கள் பாஷையில் லோடிங், போட்டுத்தான் பாலிசி கொடுத்தது. குடிக்காகக் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு, குடியால் வந்த நோய் என்று பணம் மறுப்பதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன பெயர் என்று தெரியவில்லை. எங்கள் ஊர்ச் சந்தையில் பெயர் உண்டு. இந்த மடலில் எழுத மாட்டேன்.

குடிப்பழக்கத்தை மறைத்துப் பாலிசி எடுத்த ஒருவரின் கிளைமை மறுத்தது சரி என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் எனக்குப் பிணக்கில்லை. மறைத்தால் பணம் கிடையாது, நியாயம். மறைக்காமல் சொன்னவனுக்கும் கிடையாது என்றால், அந்தக் கட்டத்தை ஃபார்மில் எதற்கு வைத்திருக்கிறீர்கள்? தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியவரின் கிளைமில் மோசடி தவிர வேறு குற்றம் கிளறக்கூடாது என்று 2024-இல் நல்ல காரியம் செய்தீர்கள். தம்பி 72 மாதம் கட்டியிருந்தான். ஆனால் நிரந்தர விலக்கு அந்தப் பாதுகாப்புக்கும் வெளியே நிற்கிறது. மனிதன் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் 12 மட்டும் அசையாது.

இனி உங்கள் சட்டத்துக்கே வருகிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்றால் என்ன என்று வரையறுக்கும் இடத்தில், சிந்தனையையும் தீர்மானிக்கும் திறனையும் வெகுவாகக் கெடுக்கிற கோளாறு என்று தொடங்கி, மது, போதைப்பொருளோடு தொடர்புடைய மனநிலைகளையும் அதே வாக்கியத்தில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு, உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய்க்கும் எல்லாக் காப்பீட்டுக் கம்பெனிகளும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2018 ஆகஸ்ட் 16 அன்று நீங்களே கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை விட்டு இதைப் பின்பற்றச் சொன்னீர்கள். 2022-இல் அக்டோபர் 31 என்று கெடு வைத்து மறுபடி சொன்னீர்கள். 2019-இல் 12-ஆம் எண்ணை எழுதிய அதே ஆவணத்தில், மனநோய் சிகிச்சையை விலக்கக் கூடாது என்றும் எழுதினீர்கள். ஒரு பக்கத்தில் நோய், இன்னொரு பக்கத்தில் விருப்பம். தம்பியின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஆஸ்பத்திரி போட்ட எண் எஃப் 10.2. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் குடிச் சார்புநிலைக்கு உள்ள எண் அது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் கம்பெனி 12 என்ற எண்ணைப் போட்டது. நோய் என்று ஒருவர் எழுதியதே பணம் மறுக்க ஆதாரமாகிவிட்டது.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி போனில் மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்களும் அதே வீட்டுப் பிள்ளைதானே மேடம், நீங்க குடிக்கலையே?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது. எனக்கு யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை, சார். தம்பிக்கு 16 வயதில், தீபாவளி போனஸ் போட்ட ராத்திரி, பெரிய ஆபரேட்டர்கள் டம்ளரைக் கையில் கொடுத்து "இப்பத்தான்டா நீ மெஷின்மேன்" என்றார்கள். அதே வயதில் நான் பக்கத்து வீட்டில் டிவி பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வந்ததற்கு அம்மாவிடம் அடி வாங்கினேன். நான் குடிக்காதது என் மன உறுதியால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் எனக்கு அந்த டம்ளர் ஒரு நாளும் நீட்டப்படவே இல்லை. குடிநோய் வரும் வாய்ப்பில் சுமார் பாதி பரம்பரையிலிருந்து வருகிறது என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பாதி எனக்குள்ளும் இருக்கலாம். நான் தப்பித்தது பெண்ணாகப் பிறந்ததால்.

விருப்பம் என்று எதுவுமே இல்லை, எல்லாம் மூளையும் மரபணுவும் செய்கிற வேலை என்று நான் வாதாட வரவில்லை. மனிதனுக்குச் சுதந்திரம் உண்டா இல்லையா என்று பெரிய பெரிய அறிவாளிகள் காலங்காலமாக மோதிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் அதை ஒன்றரை வரியில் முடித்துவிட்டீர்கள் என்பதுதான் என் ஆச்சரியம். விருப்பம் எப்படி இருக்கும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மகள் பிறந்த அன்று நிறுத்தினான், ஏழு மாதம் தாங்கியது. இரண்டாவது தடவை ஒரு மறுவாழ்வு மையத்தில் 30 நாள் இருந்து வந்து, பதினான்கு மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச் ஹாலில், குடியை விட நினைக்கிறவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போவான். அங்கே முதல் படியே, மதுவிடம் நாங்கள் சக்தியற்றுப் போனோம் என்று ஒப்புக்கொள்வது. மூன்றாவது படியில் ஒரு முடிவெடுக்கச் சொல்கிறார்கள். "முதல்ல முடியாதுங்கணும், அப்புறம் முடிவெடுக்கணும், இதெப்படிடா?" என்று கேட்டேன். "ரெண்டும் உண்மைதான்க்கா" என்றான். அந்தப் பதினான்கு மாதமும் காலையில் எழுந்து, பத்து மணிக்குள் சாப்பிட்டு, கடை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றுப் பாதையில் சைக்கிள் மிதித்து மெஷினுக்குப் போனான். அந்தச் சுற்றுப் பாதை ஒன்றே முக்கால் கிலோமீட்டர் கூடுதல். விருப்பம் என்று கடிதத்தில் எழுதியவர் அந்தப் பாதையைப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த 30 நாளுக்கு 35,000 ரூபாய் ஆனது. கிளைம் போடவே இல்லை. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா? 12-இல் விளைவுகள் என்பது இரண்டாவது பாதிதான். முதல் பாதி, குடிநோய்க்கான சிகிச்சை. அதாவது விட்டுவிட வேண்டும் என்று ஒருவன் விரும்பி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிற அன்றைக்கும் 12 குறுக்கே நிற்கிறது. அவனுக்கு விருப்பம் உண்டு என்று நீங்கள் நம்பினால், அதை அவன் பயன்படுத்துகிற ஒரே இடம் அதுதான். அங்கே பணம் கொடுங்கள். விருப்பம் போய்விட்டது, நோய்தான் என்று நம்பினால், நோய்க்குப் பணம் கொடுங்கள். இரண்டில் எதை நம்பினாலும் 12-க்கு இடமில்லை. குடிக்கும்போது மட்டும் சுதந்திர மனிதன், நிறுத்தும்போது மட்டும் கண்ணுக்குத் தெரியாத மனிதன் என்பது எந்த ஊர்க் கணக்கு?

பதினான்காவது மாதம் ஆடி 18 வந்தது. ஆல்பத்துக்கு பூஜை, பிறகு விருந்து. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

2020 ஊரடங்கு உங்களுக்கு நினைவிருக்கும். கடைகள் மூடிய அந்த ஏப்ரலில் புதுக்கோட்டை மாவட்டத்தில் மூன்று பேர் ஷேவிங் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்துச் செத்தார்கள். பக்கத்துக் கேரளாவில் மார்ச் 30 அன்று, குடியை நிறுத்தியதால் அவதிப்படுகிறவர்களுக்கு டாக்டர் சீட்டின் பேரில் மது தரலாம் என்று அரசே ஆணை போட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் சில நாட்களில் தடை விதித்தது. ஆணை தவறானதாகவே இருக்கட்டும். ஆனால் இது வெறும் ஆசை என்று நினைத்த அரசு எதுவும் அப்படி ஓர் ஆணை போட்டிருக்காது. எங்கள் மாநில அரசோ 2024-25-இல் டாஸ்மாக் மூலம் 48,344 கோடி ரூபாய் வருவாய் பெற்றது. பாட்டிலில் வீட்டுக்குக் கேடு, நாட்டுக்குக் கேடு, உயிருக்குக் கேடு என்று அச்சிட்டு விற்கிறது. அதைப் பற்றி எழுத வேறு மடல் வேண்டும், வேறு முகவரியும் வேண்டும்.

குடிக்காதவர் கட்டிய பிரீமியத்தில் குடிக்கிறவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். வாடிக்கையாளர்கள் என்னிடம் கேட்டதுதான். சர்க்கரை 400-க்கு ஏறிய பிறகும் கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டு, மாத்திரையை மறந்து, காலில் புண் வந்து படுத்தவருக்கு நான் கிளைம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஹெல்மெட்டை டேங்க் மேல் வைத்துக்கொண்டு போய் விழுந்தவருக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். யாரும் அவர்களிடம் விருப்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. காத்திருப்புக் காலம் வைக்கிறீர்களா, வையுங்கள். ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு மூன்று வருடம் வரை வைக்கலாம் என்று நீங்களே அனுமதித்திருக்கிறீர்கள். லோடிங் வேண்டுமா, தம்பி கட்டத்தான் செய்தான். நிரந்தரமாகக் கதவைச் சாத்தாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொரு சங்கதியும் நடக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எப்போதாவது மது அருந்துபவர்' என்று ஒரு வரி இருந்தாலே போதும். என் வாடிக்கையாளர் ஒருவர், டீக்கடை வைத்திருப்பவர், ஹெபடைடிஸ் பி கிருமியால் மஞ்சள் காமாலை வந்து படுத்தார். ரத்தப் பரிசோதனை கையில் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக டி.பி.ஏ., அதாவது கம்பெனிக்காகக் கிளைம்களைச் சரிபார்க்கும் நிறுவனம், மூன்று மாதம் கேள்வி மேல் கேள்வி அனுப்பியது. கடைசியில் பணம் வந்தது. அதற்குள் அவர் டீக்கடையின் பாய்லரை விற்றிருந்தார். இப்போது ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டால் "பழக்கமே இல்லை சார்" என்று சொல்லுங்கள் என்று ஏஜெண்டுகள் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். குடிப்பதை மறைத்த நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரின் நிலையை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது நாள் ராத்திரி என் தம்பிக்கு நடந்ததை எதிர்பார்த்து மருந்து வைத்திருந்ததே, நான் முதல் நாளே உண்மையைச் சொன்னதால்தான். அதே உண்மைக்குத்தான் மூன்று லட்சத்துச் சொச்சம் அபராதம் கட்டினோம். தம்பி மனைவியின் செயினும் என் இரண்டு வளையலும் அடகுக் கடையில் இருக்கின்றன.

எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டவர்கள் இந்தியாவில் சுமார் 2.9 கோடிப் பேர். அவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற 37 பேரும் சிகிச்சை வேண்டாம் என்று விரும்பினார்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

நான் கேட்பது இவைதான். பன்னிரண்டாம் எண்ணில் 'குடிநோய்க்கான சிகிச்சை' என்ற சொற்களை எடுத்துவிடுங்கள். மனநலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறபடி, மறுவாழ்வு சிகிச்சையையும் குடியை நிறுத்தும்போது வரும் அவசரச் சிகிச்சையையும் எல்லா பாலிசிகளும் ஏற்க வேண்டும் என்று எழுத்தில் ஆணையிடுங்கள். 'விளைவுகள்' என்ற சொல்லையும் நீக்குங்கள். அதற்கு மனம் வராவிட்டால், காத்திருப்புக் காலமாகவாவது மாற்றுங்கள். குடியை வெளிப்படையாகச் சொன்னவரிடம் லோடிங் வாங்கிய கம்பெனி, அதே குடியைக் காட்டிக் கிளைமை மறுக்கக் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள். நோய்க்கு மதுதான் காரணம் என்று சிகிச்சை அளித்த டாக்டர் காரணத்தோடு எழுதினால் ஒழிய, சம்மரியில் உள்ள ஒற்றை வரியை வைத்து நிராகரிப்பதைத் தடுங்கள். இந்த எண்ணைக் காட்டி ஒவ்வொரு கம்பெனியும் வருடத்துக்கு எத்தனை கிளைம்களை, எவ்வளவு தொகைக்கு மறுக்கிறது என்பதை உங்கள் ஆண்டறிக்கையில் தனிப் பத்தியாகப் போடுங்கள். இதையெல்லாம் செய்யும் வரை, நிராகரிப்புக் கடிதங்களில் 'விருப்பம்' என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்றாவது கம்பெனிகளுக்குச் சொல்லி வையுங்கள்.

எங்கள் வழக்கை நான் காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் கொண்டுபோகிறேன். அது என் தம்பிக்காக. இந்த மடல் உங்கள் விதிக்காக.

முடிந்தால் பதிலைத் தமிழில் அனுப்புங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சிவகாசியிலிருந்து ஒரு காப்பீட்டு முகவர்